தோல் அட்டை போட்ட நாவல்

என் வீட்டுக்காரருக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. அவர் கொண்டுவரும் கறுப்புத் துண்டுத் தோலை, சென்னையிலிருந்து மாதம் ஒரு பாகமாகத் தபாலில் வரும் காதல் நாவலுக்கு அட்டையாகப் போட்டுவிடுவேன். பார்ப்பவர்களுக்கு அது தேவாலயப் பாட்டுப் புத்தகம். ஞாயிறு ஆராதனையில் நானும் நாத்தனாரும் சேர்ந்து பிடித்துப் படிப்போம். வீட்டில் உட்கார்ந்து படிக்க யார் விட்டார்கள்?

கிறிஸ்துமஸ் அன்று கதாநாயகி செத்துப்போனாள். எங்களுக்கு அழுகை நிற்கவில்லை.

"ஆண்டவர் பொறந்த நாள்ல இன்னாம்மா அழுவுறீங்க?" என்று கேட்டார் பாதிரியார்.

"மனசு உருகிடுச்சிங்க ஐயா" என்றேன். அது பொய்யில்லை.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் எங்கள் பக்தியைப் புகழ்ந்து, எல்லாரும் அப்படி இருக்க வேண்டும் என்றார். அன்று மாலையே, எங்களுக்குப் பின்னால் உட்காரும் நான்கு பெண்கள் துண்டுத் தோல் கேட்டு வீட்டுக்கு வந்தார்கள்.