இறங்காத பால்

என் அண்ணி இத்தோ சிங்கத்தின் உறுமலுக்கே புரண்டு படுக்காதவள். அவள் நடுங்கி நான் முதலில் பார்த்தது, பால் உறவு கட்டிய காலையில்தான்.

கிழக்குக் குலமும் மேற்குக் குலமும் இனி ஒன்று என்று மன்னர் மசினிசா சொல்லி அனுப்பிவிட்டார். சொல்வதற்கென்ன, சொல்லலாம். ஒன்றாக்க எங்கள் பெரியவர்களுக்குத் தெரிந்தது ஒரே வழி. அவர்கள் குழந்தை எங்கள் தாயிடமும், எங்கள் குழந்தை அவர்கள் தாயிடமும் பால் குடிக்க வேண்டும். பிறகு, எந்தக் குலத்தின் குழந்தை பால் குடித்ததோ அந்தக் குலத்தார், பால் கொடுத்த குலத்தின்மேல் கை ஓங்கக் கூடாது.

கிணற்றடியில் இருபுறத் தாய்மார்களின் செருப்புகளையும் குவித்து, கண்ணை மூடி ஜோடி சேர்த்தார்கள். அண்ணியின் செருப்போடு வந்தது அவர்கள் குலத்துத் தூதா என்பவளின் செருப்பு. போன வருடம் இதே கிணற்றடியில் தூதாவின் கணவனைக் குத்திக் கொன்றவன் என் அண்ணன்.

"அவகிட்டயா? மார்புல விஷம் தடவிட்டு வந்திருந்தா என்னடி பண்றது?" அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள்.

"குடு அண்ணி, எல்லாரும் பாக்குறாங்க." சொல்லிவிட்டுப் பையனை நானே வாங்கித் தூதாவிடம் நீட்டினேன்.

தூதாவின் மெலிந்த பெண் குழந்தை அண்ணியிடம் மூச்சுவிடாமல் குடித்தது. எங்கள் பையனோ இரண்டு முறை சப்பிவிட்டு வீறிட்டான். அண்ணியின் முகம் வெளுத்தது.

தூதா தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "பால் இல்லக்கா. அவர் போன அன்னிக்கே வத்திப்போச்சு. சொல்லிடாதீங்க."

"என்னம்மா, குடிச்சானா?" என்று கத்தினார் பெரியவர். இரு பக்கமும் ஈட்டிகள் நின்றன.

"வயிறு முட்டக் குடிச்சிட்டுத்தான் கத்துறான், எடுபட்ட பய!" என்றாள் அண்ணி. எல்லோரும் சிரித்தார்கள்.

வீடு வந்ததும் என்னை உலுக்கினாள். "நம்ம பால் அவங்க பிள்ளைக்குள்ள போயிடுச்சு. அவங்க பால் நமக்கு வரலியே. அவங்க கையத்தானடி கட்டியிருக்கு, நம்ம கை சும்மாத்தானே இருக்கு? இது உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா?"

அண்ணனை எனக்குத் தெரியாதா?

தூதா இப்போது தினமும் மகளைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வருகிறாள். அண்ணி பாலூட்டுகிறாள். தூதாவின் கொழுந்தன்கள் எங்களுக்கு முதுகைக் காட்டி நிம்மதியாகத் தண்ணீர் இறைக்கிறார்கள். ஈட்டியோடு அண்ணன் அங்கே வரும்போதெல்லாம், அண்ணி அந்தக் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொள்கிறாள்.