சைக்கிள் தடத்துக்கு இரு பக்கமும் நாங்கள்

டொரன்டோவில் சைக்கிளுக்கென்று தனியாக ஒரு சிக்னல் விளக்கு இருக்கிறது. சைக்கிள் படம் போட்ட சின்னப் பச்சை விளக்கு. அது எரிந்தால் கார்களும் லாரிகளும் நிற்க, நான் மட்டும் மிதித்துப் போகலாம். அங்கே போன புதிதில் ஒருநாள் அந்த விளக்கு எரிந்தும் நான் நகரவில்லை. அவ்வளவு பெரிய லாரி எனக்காக நிற்கும் என்று நம்ப முடியாமல், டிரைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கண்ணாடியை இறக்கி, "ஆர் யூ ஓகே?" என்றார். வழிவிட்டதற்கு ஏதோ சொல்கிறார் என்று நினைத்து "தேங்க்யூ" என்றேன். அதற்குள் விளக்கு மாறிவிட்டது. அடுத்த பச்சைக்காக இருவரும் சேர்ந்தே காத்திருந்தோம்.

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். விடியும்போதே அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் குறைவு; கார் ஓட்டவும் எனக்குத் தெரியாது. எங்கள் பெரிய சாலையின் ஓரத்தில் இடுப்பளவு குச்சிகள் நட்டு, சைக்கிளுக்கென்று தடம் பிரித்திருந்தார்கள். பனிக்காலம் போக மற்ற மாதங்களில் அதுதான் என் வழி. காலைக் குளிரில் முக்காட்டின் மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போகும் அந்தக் கொஞ்ச நேரம், நான் யாருக்கும் மனைவியும் இல்லை, அம்மாவும் இல்லை. இதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.

திண்டுக்கல்லில் ப்ளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கத்தில் கொடுத்த சைக்கிள் எனக்கும் வந்தது. பேகம்பூரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போனேன். ஒரு மாதம்கூட ஓட்டியிருக்க மாட்டேன். மெயின் ரோட்டில் ஒரு மினிபஸ் ஒட்டி உரசிக்கொண்டு போனதில், பயந்துபோய் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தேன். அத்தா, அதாவது என் அப்பா, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். சேதி கேட்டுச் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். முழங்கையில் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, "போதும்மா. நாளையிலருந்து ஆட்டோவுல போ" என்றார். அதட்டவில்லை. அவர் குரல் நடுங்கியதால் என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. சைக்கிள் தம்பியிடம் போனது. அந்த ரோடு பெண்பிள்ளைகளுக்கு ஆகாது என்று வீட்டில் எல்லோரும் முடிவுசெய்தார்கள். ரோட்டை மாற்றலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

போன வருடம் அந்தத் தடத்தை எடுத்துவிட வேண்டும் என்று பேச்சு கிளம்பியது. அதனால்தான் நெரிசல் என்றார்கள் ஒரு சாரார். எடுத்தால் உயிர் போகும் என்றார்கள் மற்றவர்கள். வீடுகளின் முன்னால் வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் இரண்டு விதமான அட்டைகள் முளைத்தன. எங்கள் வீட்டிலும் இரண்டு கட்சி இருந்தது, ஆனால் ஒன்றுதான் பேசியது. என் வீட்டுக்காரர் சையது வத்தலக்குண்டுக்காரர்; பார்சல் வேன் ஓட்டுகிறார். "இருந்த ரோட்டுல பாதியைப் பிடுங்கி நாலு சைக்கிளுக்குக் கொடுத்திருக்கான். நான் வண்டியை எங்க நிறுத்துறது? மத்தியானச் சோத்தை ஸ்டியரிங் மேல வச்சுத் திங்குறேன்" என்று இரவுச் சாப்பாட்டில் அலுத்துக்கொள்வார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவருக்கு இடுப்புவலி வந்ததே அந்த நெரிசலில்தான். நான் ரசத்தை ஊற்றிவிட்டுச் சும்மா இருப்பேன்.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். அவர் போகப்போவதாகச் சொன்னார். நானும் போவேன் என்று சொல்லவில்லை. வேலை முடிந்து நேரே சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த அம்மாள் பேசுவதற்குப் பெயர் எழுதிக்கொண்டு, "ஃபார் ஆர் அகெய்ன்ஸ்ட்?" என்று கேட்டார். தடத்தை எடுப்பதற்கு நான் எதிர்ப்பு. அதனால் "அகெய்ன்ஸ்ட்" என்றேன். அவர் கேட்டதோ தடத்துக்கு ஆதரவா எதிர்ப்பா என்று. சிரித்தபடி, தடம் வேண்டாம் என்பவர்களுக்கான சிவப்பு ஸ்டிக்கரை என் கோட்டில் ஒட்டிவிட்டார்.

உள்ளே சிவப்பு ஒட்டியவர்கள் ஒரு பக்கம், பச்சை ஒட்டியவர்கள் மறுபக்கம். சிவப்பு வரிசையிலிருந்து சையது என்னைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் வெளிச்சம். பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "அட, நீயும் நம்ம பக்கமா? சொல்லவே இல்லையே! வா, உக்காரு" என்றார். எப்படி மறுப்பது? உட்கார்ந்தேன். அவர் முறை வந்தபோது எழுந்து, உடைந்த ஆங்கிலத்தில் தன் வேனைப் பற்றியும் இடுப்பைப் பற்றியும் நேர்மையாகப் பேசினார். சிவப்பு வரிசை கைதட்டியது. நானும் தட்டினேன்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். "என் கணவர் சொன்னது எல்லாம் உண்மை. அவருக்கு வண்டி நிறுத்த இடம் கொடுங்கள். ஆனால் என் வழியை எடுத்து அவருக்குக் கொடுக்காதீர்கள். இந்த ஊரில் நானாகப் போய் நானாக வருவது அந்த ஒரு வழியில்தான்" என்றேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. என் ஸ்டிக்கரைப் பார்த்தார்கள். அப்புறம் பச்சைப் பக்கம் யாரோ சிரிக்க, கூடமே சிரித்தது. சையது மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் என் சைக்கிளை அவரே தூக்கி வேனுக்குள் வைத்தார். இரண்டாவது சிக்னலில் வேன் நின்றது.

"பஸ் காசை மிச்சம் பிடிக்கத்தான் ஓட்டுறேன்னு இம்புட்டு நாளா நெனச்சேன்" என்றார்.

"அதுக்கும்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க களைச்சுப்போய் வாரீங்க. அதுல நான் வேற எதுக்கு..."

அவர் என் கோட்டிலிருந்த ஸ்டிக்கரை மெல்லப் பிய்த்தெடுத்து, எங்கே போடுவதென்று தெரியாமல் தன் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டார்.

எங்கள் இருவர் பேச்சாலும் எதுவும் மாறவில்லை. தடத்தை எடுப்பதென்றே முடிவானது. குச்சிகளைப் பிடுங்கிய வாரம் நான் பஸ்ஸுக்கு நின்றேன்; இரண்டு முறை வேலைக்குத் தாமதம். அந்த ஞாயிற்றுக்கிழமை சையது பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சைக்கிளை இரவல் வாங்கி வந்து நின்றார். "வா, பார்சல் போடுற சந்து பொந்தெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் சைக்கிள் ஏறி நான் பார்த்ததில்லை. ஹேண்டிலை ஆட்டி ஆட்டி முன்னால் போனார். வீடுகளுக்கு இடையே, ஒரு பூங்காவுக்குப் பின்னால், ஒரு மேட்டில் ஏறி இறங்கும் வழி. மேட்டில் மூச்சு வாங்கி இறங்கித் தள்ளினார். "இது சுத்துதான். ஆனா லாரி வராது" என்றார். அன்றிலிருந்து அந்த வழியில்தான் வேலைக்குப் போகிறேன். அவர் வேனை நிறுத்த இன்னும் இடம் கிடைக்கவில்லை.

இப்போது விடுமுறைக்குத் திண்டுக்கல்லுக்கு வந்திருக்கிறேன். நேற்றுக் காலை வீட்டில் கொத்தமல்லித் தழை இல்லை. தம்பி மகளின் சைக்கிளை எடுத்தேன். வாசலில் நாற்காலியில் இருந்த அத்தா நிமிர்ந்து பார்த்தார். "ரோட்டுல பஸ்ஸு வரும்மா" என்றார். "செத்த நேரத்துல வந்துருவேன்த்தா" என்றேன். அவர் தடுக்கவில்லை, எழுந்து வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருமுனைவரை அவர் பார்வை என் முதுகில் இருந்தது. ஆட்டோக்களுக்கும் ஆடுகளுக்கும் நடுவே ஓட்டிப் போய், சந்தில் திரும்பும்போது, டொரன்டோவில் பழகிய பழக்கத்தில் இடது கையை நேராக நீட்டிவிட்டேன். திரும்பப் போகிறேன் என்று பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லும் சைகை அது. பின்னால் வந்த யாரும் அதைக் கவனிக்கவில்லை. முனை டீக்கடையில் நின்ற ஒரு பெரியவர் மட்டும், தன்னைத்தான் விசாரிக்கிறேன் என்று நினைத்து, கிளாஸைக் கை மாற்றிக்கொண்டு கையைத் தூக்கினார். "எப்பம்மா வந்த? நல்லா இருக்கியா?" என்றார்.

அவர் யாரென்று எனக்குத் தெரியாது. நீட்டிய கையை மடக்காமல், "நல்லா இருக்கேன் மாமா" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன்.