நெசவாளி வீட்டுத் தேக்குக் கட்டில்

யுத்த காலத்தில் ராசிபுரத்தில் ஒரு நெசவாளி வீட்டில் நூல் சுற்றிக்கொடுத்து வயிற்றைக் கழுவி வந்தேன். வளைந்த முதுகும் புகையிலைக் கறைப் பல்லுமாக இருப்பார் அந்த மனிதர். மகளுக்குச் சீராகக் கொடுக்க, கடைக்காரன் சொன்ன விலைக்கெல்லாம் தலையாட்டிச் சேலத்தில் ஒரு தேக்குக் கட்டில் வாங்கி வைத்திருந்தார். தினமும் காலையில் அதை எண்ணெய்த் துணியால் துடைப்பார். யாரையும் உட்கார விடமாட்டார்.

நூல் விலை ஏறித் தறி நின்றது. வீட்டில் ஒருவேளைக் கஞ்சிதான்.

“கட்டில வித்துப்போட்டு நூல் வாங்கலாமுங்களே” என்றேன்.

“மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்தா என்னத்தக் காட்டறது சாமி? உன்ற மூஞ்சியவா?” என்றார்.

“தறிதானுங்க சோறு போடுது.”

“சோறு தின்னமா இல்லையான்னு எவனுக்குத் தெரியுது? கட்டிலு தெரியுமல்லோ!”

கடைசியில் தறியைத்தான் விற்றார். தறிக்குக் கீழே கால் மிதிக்க வெட்டியிருந்த குழியை மண் போட்டு மூடினார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கட்டிலைத் தடவிப் பார்த்து மெச்சினார்கள். பிறகு அவர்களில் மூத்தவர், குழியில் ஈரம் காயாத மண்ணைப் பார்த்தார்.

“தறியில்லாத ஊட்லயா சம்பந்தம் பண்றது?” என்று எழுந்துவிட்டார்.

அவர்கள் போனதும் நெசவாளி என்னிடம் கேட்டார்: “கட்டிலு நல்லாருக்குன்னு சொன்னாங்களல்லோ?”

“சொன்னாங்க” என்றேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.