அக்கா ஏற முடியாத கார்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் முன்மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பார்கள். குனிந்து துரு தேடுவார்கள். ஒன்றும் தெரியாதவர்கள்கூட ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்ப்பார்கள். நான் நேராக இடது பக்கம் போய்க் கதவைத் திறந்தேன். கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது, இருக்கை முழங்கால் உயரத்துக்கு வருகிறதா, ஏறும்போது பிடித்துக்கொள்ள மேலே கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு பின்னால் போய், சக்கர நாற்காலியை மடித்து வைக்க இடம் இருக்கிறதா என்று கையால் அளந்தேன்.

கார்க்காரர் ஒரு சீனப் பெரியவர். கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஸ்டீயரிங் அந்தப் பக்கம் இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார்.

எனக்கு முகம் செத்துப்போய்விட்டது. நான் ஏற்றிக்கொண்டு போக இப்போது யாரும் இல்லை. அக்கா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

நானும் அக்காவும் பினாங்கில், ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பின்னால் பெரிய சோகக் கதை எதுவும் கிடையாது. அவளுக்கு வந்த மாப்பிள்ளைகளை எனக்குப் பிடிக்கவில்லை, எனக்கு வந்தவர்களை அவளுக்குப் பிடிக்கவில்லை, அதற்குள் வயதாகிவிட்டது. அவள் டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கடிதமும் கோப்பும் பார்க்கும் கிராணியாக இருந்தாள். நான் பாயான் லெப்பாஸில் ஓர் ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் என்று அக்கா என்னை எல்லாருக்கும் அறிமுகப்படுத்துவாள்.

எனக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும். ஓரிடத்துக்குப் போய்ச் சேர்வதற்காக இல்லை, ஓட்டுவதற்காகவே. முன்பெல்லாம் என்னிடம் ஒரு பழைய கியர் கார் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெலுக் பஹாங் வழியாக மலையேறி பாலிக் பூலாவ் இறங்கி, தீவைச் சுற்றி வீட்டுக்கு வருவோம். வழி நெடுகிலும் வளைவுதான். "மெதுவா போ லா, வயித்தைப் பொரட்டுது" என்று அக்கா திட்டிக்கொண்டே வருவாள். ஆனால் ஒரு ஞாயிறும் வராமல் இருந்ததில்லை.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போயின. வாரத்தில் மூன்று நாள் பிற்பகலில் டயாலிசிஸ். நான் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டேன். கியர் காரைக் கொடுத்துவிட்டு, இருக்கை உயரமான, கியர் மாற்றத் தேவையில்லாத சின்ன ஆட்டோ கார் வாங்கினேன். சிகிச்சை முடிந்து வரும்போது அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கிப்போய்த் தலை முன்னால் சாயும். நான் பிரேக்கில் கால் வைத்தால் என் இடது கை தானாகப் போய் அவள் தோளுக்குக் கீழே அணைபோட்டுக்கொள்ளும். அவள் பெல்ட் போட்டுத்தான் இருப்பாள், ஆனால் கை அதையெல்லாம் கேட்காது. ஆட்டோ காரில் இடது கைக்கு வேறு என்ன வேலை? அவளுக்கு ஊசி ஏற்றுவது வலது கையில். அதில் பட்டால் உயிர் போகும். "கையில இடிக்காதடி, மேல புடி" என்பாள், கண்ணைத் திறக்காமலே. வருஷக்கணக்கில் இப்படியே ஓடியதில், சிவப்பு விளக்கைத் தூரத்தில் கண்டாலே என் கை கிளம்பிவிடும். தலையில் எண்ணெய்க் குடம் வைத்தவள்போல் ஓட்டப் பழகிவிட்டேன்.

ஒருநாள் கிரீன் லேன் சிவப்பு விளக்கில் எங்கள் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. தரையோடு தரையாக இருந்தது. அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள்.

"நான் போனதுக்கப்புறம் இந்த மாதிரி ஒண்ணு வாங்கிக்க. என்னால ஏறவே முடியாத காடியா பாத்து வாங்கு."

"வாய மூடிக்கிட்டு வா."

"நெஜமாத்தான் சொல்றேன் லா. என்னைய ஏத்தி எறக்கியே உனக்கு ஓட்டுறது மறந்து போச்சு."

விளக்கு பச்சையானதும் மஞ்சள் கார் உறுமிக்கொண்டு போய்விட்டது. நாங்கள் மெதுவாகப் பின்னால் போனோம்.

அவள் போன பிறகு ஆளாளுக்கு எனக்கு யோசனை சொன்னார்கள். பூனை வளர்க்கச் சொன்னார்கள். கோயில் பஜனைக் குழுவில் சேரச் சொன்னார்கள். ஒற்றையாக இருக்காதே, கோலாலம்பூருக்கு வந்துவிடு என்றார்கள். அங்கே போய் யார் வீட்டு மூலையில் உட்காருவதாம்? பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கப் போகிறேன் என்று ஒரு சொந்தக்காரியிடம் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். "இந்த வயசுல யாருக்குக் காட்டப் போற?" என்றாள். போனை வைத்துவிட்டேன். இன்னும் நான் அவளைக் கூப்பிடவில்லை.

உண்மையில் என்னைக் கொன்றது அந்த மூன்று பிற்பகல்கள்தான். மாற்றிய வேலை நேரத்தை நான் திரும்ப மாற்றிக்கொள்ளவில்லை. அந்த நேரம் வந்தால் கால் சும்மா இருக்காது. பாசாரில் ஒன்றும் வாங்காமல் சுற்றுவேன். வீட்டுக்கு வந்தால் டிவி சத்தம்கூட யாரோ பக்கத்து வீட்டில் பேசுவதுபோல இருக்கும். அதனால் அந்த நேரங்களில் போனில் கார் தேட ஆரம்பித்தேன், பிறகு நேரில் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் பார்த்தது அந்தச் சீனப் பெரியவருடைய கார், தஞ்சோங் பூங்கா என்கிற வட்டாரத்தில். இங்கிலாந்தில் செய்த திறந்த கார், கரும்பச்சை, கம்பிச் சக்கரம், பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத அழகு. ஆனால் அவர் நிபந்தனைகளைச் சொல்லச் சொல்ல எனக்கு உற்சாகம் வடிந்தது. மழையில் எடுக்கக் கூடாது, வெயிலில் நிறுத்தக் கூடாது, நெரிசலில் நின்றால் சூடாகிவிடும். மழையும் வெயிலும் நெரிசலும் இல்லாத நாள் பினாங்கில் என்றைக்கு வரும்? அது ஓட்டுகிற கார் இல்லை, துடைக்கிற கார். எனக்கு வீட்டில் துடைப்பதற்கு நிறைய இருக்கிறது.

இரண்டாவதைப் பார்க்கப் பாலம் தாண்டி செபராங் ஜெயாவுக்குப் போனேன். நம் தமிழ்ப் பையன் ஒருவனுடையது, நாலு பேர் உட்காரும் வேகக் கார். பாலத்தில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அவனே மிதித்துக் காட்டினான். முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். நேர் ரோட்டில் ஆளைத் தள்ளுவதற்கு எஞ்சின் போதும், ஓட்டுகிறவர் எதற்கு? எனக்கு வேகம் வேண்டியதில்லை, வளைவு வேண்டும். இறங்கும்போது வழக்கம்போல இடது இருக்கையை ஒரு பார்வை பார்த்தேன். கொஞ்சம் தூக்கிவிட்டால் அக்கா ஏறிவிடுவாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். இடம் அதிகமாக இருக்கிறது என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

மூன்றாவது பாயா தெருபோங்கில் இருந்தது. டவுனில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஒரு தமிழ் முஸ்லிம் தம்பியின் கார். ஜப்பானில் செய்தது, முப்பது வருஷத்துக்கு மேல் பழசு, இரண்டே இருக்கை. பகலில் முன்விளக்குகள் உள்ளே மடங்கிக் கண்மூடிக் கிடக்கும். "மூணாவது புள்ள பொறந்துட்டான் அக்கா. ரெண்டு சீட்டு காடிய வச்சிக்கிட்டு யார எறக்கிவிடுறது?" என்று சிரித்தார். நான் இடது கதவைத் திறந்து உட்கார்ந்து பார்த்தேன். மணைப் பலகையில் உட்காருவதுபோல் இறங்க வேண்டியிருந்தது. எழுந்திருக்க எனக்கே முட்டி முனகியது. அக்காவால் இதில் ஏறவே முடியாது. யார் தூக்கிவிட்டாலும் முடியாது. அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு நான் ஓட்ட, அவர் இடது பக்கம் உட்கார, பாலிக் பூலாவ் போகும் மலைப் பாதையில் ஏறினோம். முதல் வளைவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டீயரிங் இலேசாக இருந்தது, ஆனால் ரோட்டில் கிடக்கும் சின்னக் கல்லைக்கூட உள்ளங்கைக்குச் சொன்னது. கியர் குச்சி கைக்குள் அடங்கும் அளவுதான், மணிக்கட்டை அசைத்தால் போதும், டக்கென்று விழும். நான் திரும்ப நினைத்தபோதே கார் திரும்பியது. பல வருஷத்துக்குப் பிறகு என் வாயில் என்னை அறியாமல் ஒரு சிரிப்பு வந்தது.

அடுத்தது கொண்டை ஊசி வளைவு. பிரேக்கை மிதித்தேன். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டிய என் இடது கை, கியரை விட்டுவிட்டுப் போய் அந்தத் தம்பியின் நெஞ்சில் அறைந்தது.

"அல்லா!" என்று அலறினார். கார் மூன்றாவது கியரில் குலுங்கி, செத்துப் பிழைத்து ஊர்ந்தது.

"சாரி தம்பி, சாரி."

"பரவால்ல அக்கா, பெல்ட் இருக்கு லா."

அடுத்த வளைவிலும் கை போயிற்று. அதற்கடுத்த வளைவில் அவர் முன்கூட்டியே கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டார். மேலே ஓர் அகலமான இடத்தில் ஓரம்கட்டச் சொன்னார். எனக்கு மானம் போய்விட்டது.

"பக்கத்துல யாரு உக்காந்து வருவாங்க?" என்று கேட்டார்.

"எங்கக்கா."

"இன்னிக்கு வரலையா?"

"செத்துப்போச்சு."

அவர் கதவிலிருந்து நகர்ந்து நேராக உட்கார்ந்தார். பிறகு, "இன்னாலில்லாஹி" என்று சாவுச் செய்திக்குச் சொல்லும் வார்த்தையை முணுமுணுத்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார். "இந்தக் காடிய அனுபவிச்சு ஓட்டணும்னா அந்தக் கை கியர்லதான் இருக்கணும் அக்கா. இல்லன்னா ஒருநாள் பள்ளத்துல எறங்கிடுவீங்க. காசு வாங்கிட்டு உங்கள அனுப்ப எனக்கு மனசு வராது. யோசிச்சுக்குங்க."

"கை பழகிடும்" என்றேன் வெடுக்கென்று. பழக வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேனா என்று அவர் கேட்கவில்லை. இந்தக் காரை ஓட்ட வேண்டுமென்றால் என் கை அக்காவை விட வேண்டும். அது தெரிந்துதான் வாங்கினேன்.

தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் வண்டிப் பூசை. அர்ச்சனை யார் யார் பேருக்கு என்று குருக்கள் கேட்டார். என் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். அவர் தட்டை ஏந்திக்கொண்டு அடுத்த பெயருக்காகக் காத்திருந்தார். கார் வாங்குகிறவர்கள் குடும்பத்தோடு வந்து ஐந்தாறு பெயர் சொல்லும் இடம் அது. "அவ்வளவுதாங்க சாமி" என்றேன். சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு புறப்பட்டேன். தேங்காய் பழப் பையை இடது இருக்கையில் வைத்திருந்தேன். முதல் சந்தியில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வர, என் கை பாய்ந்துபோய்த் தேங்காயைக் காப்பாற்றியது. நான் தனியாகச் சிரித்தேன். தனியாகச் சிரிப்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் தெலுக் பஹாங் பாதை. ஒவ்வொரு வளைவிலும் கை இருக்கைக்குப் போகும், கியர் தவறும், எஞ்சின் முனகும். என்னை நானே திட்டிக்கொள்வேன். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கூடப் பார்த்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து கார் சாவியை ஆணியில் மாட்டும்போது எனக்கு வருத்தமாக இருக்காது. கெட்டிக்காரத்தனமாக ஓட்ட முடியவில்லைதான். அதனால் என்ன, போய்வந்தோம் என்று நினைத்துக்கொள்வேன். போய்வந்தேன் என்று நினைத்ததில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு. மழை பெய்து விட்டிருந்தது, ரோடு பாதி காய்ந்திருந்தது. மலை உச்சி தாண்டி இறக்கத்தில் வரும்போது, வளைவுக்கு அப்பால் ஒரு குரங்கு குட்டியோடு நடு ரோட்டில் உட்கார்ந்திருந்தது. பிரேக், கிளட்ச், இரண்டாவது கியர். ஒரே மூச்சில் நடந்தது. கார் மூக்கை உள்ளே திருப்பி, குரங்குக்கு வெளிப்பக்கமாக ஒரு வட்டம் போட்டு, வழுக்காமல், குலுங்காமல், எஞ்சின் பாடிக்கொண்டே வெளியே வந்தது. இதற்காகத்தான், இந்த ஒரு வளைவுக்காகத்தான் நான் இத்தனை காரைப் பார்த்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. "பாத்தியாக்கா!" என்று கத்திக்கொண்டே இடது பக்கம் திரும்பினேன்.

காலி இருக்கையில் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் என் கையைப் பார்த்தேன். அது கியர் மேல் இருந்தது. அவ்வளவு பெரிய பிரேக்குக்கு அது அக்கா பக்கம் போகவே இல்லை.

ஒரு பழக்கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டு அழுதேன். அவளைத் தூக்கிக்கொண்டுபோன அன்றைக்கு வீடு நிறைய ஆள் இருந்தது, அழ இடமில்லை. இங்கே இருந்தது. கடைக்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு காரை எடுத்தேன்.

அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்து, இடது கையை அந்த இருக்கைக்கு நீட்டினேன். ஊசிக் கையில் இடிக்காமல், கொஞ்சம் மேலே. நினைத்துத்தான் நீட்ட வேண்டியிருந்தது.