பிறை தெரியக் கூடாது!

போன வாரம் கொடைக்கானல் போயிருந்தேன். அங்கே உச்சியில் ஒரு வானாராய்ச்சி நிலையம் இருப்பது உங்களுக்குத் தெரியும். எதையாவது பார்க்க வேண்டும் என்றுதான் எல்லோரும் அங்கே போவார்கள். நாங்கள் போனது, பிறை தெரியவில்லை என்று உறுதி செய்துகொள்ள!

நாங்கள் என்றால் நானும் ஷரீப் பாயும். செங்கல்பட்டு பஜாரில் பழக்கடை வைத்திருப்பவர். மலையில் இப்போது பேரிக்காய் சீசன். நேரில் போய்ப் பார்த்து வாங்கினால்தான் அவருக்குத் திருப்தி. "சும்மாத்தானே கீறீங்க, கூட வாங்க சார்" என்றார். எழுதுகிறவனைப் பார்த்தால் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பாயின் மகள் ஜெரினாவுக்கு இந்த வருஷம்தான் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை மகாபலிபுரத்தில் சங்கு, சிப்பி விற்கிற கடை வைத்திருக்கிறார். ரம்ஜானுக்கு மாமனார் வீட்டுக்கு வருகிறார். முதல் பெருநாள்! மாமனார் வாசலில் நின்று வரவேற்க வேண்டாமா?

"இப்ப போவாதீங்க" என்று பாயின் மனைவி தலைதலையாக அடித்துக்கொண்டார்.

"இந்தத் தபா முப்பது நோம்புதான். என் கணக்கு தப்பாது" என்று கிளம்பிவிட்டார் பாய்.

கணக்கு இதுதான். இருபத்தொன்பதாம் நோன்பு மாலையில் பிறை தெரிந்தால் மறுநாளே பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. பாய் முப்பதை நம்பி, மறுநாள் ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தார். பிறை முந்திக்கொண்டால்... மாப்பிள்ளை செங்கல்பட்டில், மாமனார் மலையில்!

அந்த இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் ஏரியில் படகில் இருந்தோம். ஊரே குதிரை ஓட்டிக்கொண்டும், படகு விட்டுக்கொண்டும், மக்காச்சோளம் கடித்துக்கொண்டும் இருந்தது. நோன்பு வைத்திருப்பவர் எதிரில் எப்படிச் சாப்பிடுவது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோளம் கடித்தேன். பாய் என்னைக் கவனிக்கவே இல்லை. அவர் கண் வானத்தில் இருந்தது.

"இன்னா மேகம் சார்! கைய நீட்னா கை தெர்ல!" என்றார். அத்தனை சந்தோஷம்.

திடீரென்று முகம் சுருங்கியது. "சார்... மேல அம்மாம் பெரிய டெலஸ்கோப்பு கீதே. அவன் மேகத்தைத் தாண்டிப் பாத்துட்டான்னா?"

டாக்சி பிடித்து ஏறினோம். கேட்டருகே மப்ளரும் மங்கி குல்லாயுமாக ஓர் ஊழியர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குப் பிறை தெரியுமாங்க?" பாயின் குரலே நடுங்கியது. குளிரால் அல்ல.

"பிறையா? இங்க முக்கியமா சூரியனத்தேன் பாக்குறது. இன்னைக்கு மேகத்துல அதும் தெரியல."

பாய் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. நோன்பு திறக்கும் நேரம் வந்ததும் பேரீச்சம்பழத்தை எடுத்து அவருக்கும் கொடுத்து, எனக்கும் கொடுத்து, தானும் வாயில் போட்டுக்கொண்டார். வேண்டாத சங்கதி கண்ணில் படாவிட்டால் அது நடக்கவே இல்லை என்று நம்ப எத்தனை ஆசை நமக்கு! பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் நானும் பேப்பரைத் தொட்டதில்லை.

லாட்ஜுக்கு வந்தால் செங்கல்பட்டிலிருந்து டிரங்க் கால்.

கொடைக்கானலில்தானே மேகம்? எங்கள் ஊரில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்ததாம். ரிசீவரைத் தாண்டி எனக்கே பாயின் மனைவி குரல் கேட்டது.

"பிறை பாத்தாச்சுங்க! மொட்ட மாடில மொதல்ல பாத்ததே நம்ம மாப்ளதான்!"

மறுநாள் காலை மலைப் பள்ளிவாசலில் பாய் தொழுதார். முன்பின் தெரியாதவர்கள் கட்டித் தழுவினார்கள். ஒரு பேரிக்காய் வியாபாரி எங்கள் இருவரையும் வீட்டுக்கு அழைத்துப் போய் பிரியாணி போட்டார். முதல் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மாப்ளைக்கு யார் சார் பரிமாறுவாங்க?" என்றார் பாய். கண் கலங்கிவிட்டது. எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாவது தட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

ஊர் வந்து சேர்ந்தோம். மாப்பிள்ளையும் பெண்ணும் மகாபலிபுரம் திரும்பிவிட்டிருந்தார்கள். தனியாக வீட்டுக்குள் போக பாய்க்குத் தைரியம் இல்லை. என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"மாப்ள இன்னா சொன்னாரு? கோவமா கீறாரா?"

அந்த அம்மாள் தயங்கினார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மூணு தபா கேட்டு வாங்கி சாப்ட்டாருங்க. சிரிச்சிகினு, பேசிகினு... அவரு பேசுவாருன்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். எப்பவும் நீங்க எதிர்ல குந்திகினு யாவாரம் எப்டி, வாடகை எவ்ளோன்னு கேப்பீங்களா... அது தட்டையே பாத்துகினு இருக்கும், பாவம்."

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கவனமாகப் படிக்க ஆரம்பித்தேன். பாய் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். கோபிப்பார் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பினார்.

"சார்... பக்ரீத்துக்கு நாம ஊட்டி போலாமா?"