வாசலுக்கு நேரே ஒரு கழிப்பறை

1. போன்

கட்டடம் திறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடத்தின் உப அதிபர் சகுந்தலா டீச்சர் எனக்குப் போன் எடுத்தார்.

“சேர், கட்டடம் நல்லாத்தான் இரிக்கு. ஆனா பெரிய பொம்புளப் புள்ளைகள் இடைவேளையோட வீட்ட போகுதுகள். ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்க.”

“ஏன் டீச்சர், வகுப்புக்குள்ள வெக்கையா?”

“வெக்கை இல்ல. நீங்க வாங்களன்.”

அப்போது நான் மட்டக்களப்பில் ஓர் அலுவலகத்தின் கட்டடப் பிரிவில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். இப்போது ஓய்வுபெற்று நாவற்குடாவில் இருக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த சிலர், என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். சரியாக வந்த கட்டடங்களைப் பற்றி எழுதினால் அது பெருமையடிப்பதாகிவிடும். அதனால் இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் கரடியனாற்றுக்கும் அப்பால், வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் டீச்சர் இன்னொரு தரம் போன் எடுப்பார்.

அது ‘பசுமைப் பள்ளிக்கூடம்’. சுவருக்கு, சூளையில் சுடாமல் மண்ணை அமுக்கிச் செய்த கல். கூரையை நன்றாக வெளியே நீட்டியிருந்தேன். பிள்ளைகள் உட்கார்ந்தபடியே வெளியைப் பார்க்கட்டும் என்று யன்னல்களைத் தாழ்வாக வைத்தேன். ஒரு மருதமரத்தை வெட்டாமல் இருக்க பிளானையே வளைத்தேன். மின்விசிறி போடாமலே காற்று வந்தது.

ஆனால் என் பெருமை முழுவதும் கழிப்பறையில்தான். கூரையில் விழும் மழைத்தண்ணீர் டேங்குக்கு வரும். டேங்கிலிருந்து கழிப்பறைக்கு. கை கழுவிய தண்ணீர் வாழைப் பாத்திக்கு. சக்கர நாற்காலி போகச் சாய்வான றாம்ப், பிடித்து நடக்கக் கம்பி, சுவரில் பூப்படம். பார்க்க வருகிறவர்களின் கண்ணில் முதலில் அதுதான் படவேண்டும் என்று வாசல் கேற்றுக்கு நேரே, மைதானத்தின் நடுவில் அதை நிறுத்தினேன். எட்டு வகுப்பறைகளும் அதைப் பார்த்தபடி இருந்தன.

மேலதிகாரிக்கு மிகவும் பிடித்துவிட்டது. இதே பிளானை இன்னும் ஆறு பள்ளிக்கூடங்களில் போடுவதாக முடிவாயிற்று. அடுத்தது வந்தாறுமூலைப் பக்கம். அத்திவாரம் வெட்ட இரண்டு வாரம்தான் இருந்தது.

2. அறுபது அடி

போனதும் நேரே கழிப்பறையைத்தான் பார்த்தேன். பைப் எல்லாம் சரி. பூட்டு சரி. டேங்க் விளிம்புவரை நிறைந்திருந்தது.

“தண்ணி நல்லா மிச்சம் பிடிச்சிரிக்கு டீச்சர்,” என்றேன் சந்தோசத்தோடு.

“ஓம் சேர். ஒருத்தரும் போறல்ல. பிறகெப்படிக் குறையும்?”

ஏன் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஆசிரியர் அறைக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்தார். பிறகு இன்னொரு கோப்பை. பிறகு ஒரு செவ்விளநீர். வெயிலில் வந்தவனை நன்றாகத்தான் கவனிக்கிறார் என்று நினைத்தேன். அரை மணித்தியாலத்தில் நெளியத் தொடங்கினேன்.

“போய்ட்டு வாங்க சேர்,” என்றார் டீச்சர். “எங்களுக்கும் அதுதான், வேற இல்ல.”

அறுபது அடி இருக்கும். நான் பிளானில் கீறிய தூரம்தான். ஆறாம் வகுப்பைத் தாண்டும்போது முழு வகுப்பும் எழும்பி, “வணக்கம் ஐயா” என்றது. ஏழாம் வகுப்புக்கு அது கேட்டது. அதுவும் எழும்பியது. தாழ்வான யன்னல்கள் அல்லவா, எல்லாரும் என்னை வடிவாகக் கண்டார்கள். எட்டு வகுப்பறையின் வணக்கத்தையும் வாங்கிக்கொண்டு நடந்தேன். பதினோராம் வகுப்பிலிருந்து ஒரு குரல், “ஐயா கெதியா ஓட்டமாப் போறார்டா” என்றது. கேற்றடியில் சைக்கிளோடு நின்ற ஒரு பெரியவர், “எங்க சேர் போறீங்க?” என்று அன்பாக விசாரித்தார்.

திரும்பி வரும்போது, ஆறாம் வகுப்பு “நன்றி ஐயா” என்றது. எதற்கு நன்றி என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை.

ஆசிரியர் அறையில் டீச்சர் சிரித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“நீங்க ஐம்பது வயசு ஆம்புள சேர். உங்களுக்கே முகம் சிவந்திட்டு. பதினாலு வயசுப் பொம்புளப் புள்ள என்ன செய்யும்? காலையிலிருந்து தண்ணி குடிக்காம இரிக்குதுகள். கச்சான் வெக்கக் காத்து அடிச்ச நேரம் ரெண்டு புள்ள மயங்கி விழுந்திட்டு. பத்தாம் வகுப்பில வதனி எண்டு ஒரு புள்ள. கணக்கில கெட்டிக்காரி. மாதத்தில நாலஞ்சு நாள் வாறதே இல்ல. கேட்டா வயிற்றுக்குத்து எண்டு சொல்றாள். இப்பிடிப் போனா அடுத்த வருசம் சோதினை எழுத மாட்டாள்.”

“முதலே சொல்லியிருக்கலாமே டீச்சர்.”

“பிளானோட வந்த அண்டைக்கு நீங்க அதிபரிட்டக் கேட்டீங்க. கல்விப் பணிப்பாளரிட்டக் கேட்டீங்க. அபிவிருத்திச் சங்கத் தலைவரிட்டக் கேட்டீங்க. மூண்டு பேரும் ஆம்புளையள். நான் தேத்தண்ணி கொண்டுவந்து வச்சிட்டுப் போனன்.”

அன்றைக்குத் தேத்தண்ணி வைத்தது யார் என்றுகூட நான் நிமிர்ந்து பார்த்திருக்கவில்லை.

3. கடிதம்

அங்கிருந்தபடியே, கட்டடத்தைக் கட்டிய ஏறாவூர் சலீம் நானாவுக்குப் போன் எடுத்தேன். விசயத்தைச் சொன்னேன்.

“எனக்கு நாலும் பொம்புளப் புள்ளைகள் சேர். கட்டிக்கிட்டிருக்கக்குள்ளேயே இதை யோசிச்சன்.”

“ஏன் நானா சொல்லல்ல?”

“நீங்க பிளானில காத்துக்கு ஒரு அம்புக்குறி, தண்ணிக்கு ஒரு அம்புக்குறி எண்டு காட்டிக் காட்டிச் சந்தோசமாப் பேசிக்கிட்டு நிண்டீங்க. எனக்கு மனசு வரல்ல.”

திருத்துவது பெரிய வேலை இல்லை. முன்பக்கக் கதவுகளை அடைத்துவிட்டு, பின்பக்கம் வாசல் திறக்கவேண்டும். வகுப்புகளின் பின் விறாந்தையிலிருந்து சுற்றி வந்து அந்த வாசலில் முடியும், கூரை போட்ட ஒரு பாதை. அதற்கு மறைப்பாக ஒரு சுவர். பெண் பிள்ளைகளின் பக்கத்தில் மூடியுள்ள வாளி, பை கொழுவ ஆணி, ஒரு கண்ணாடி. கல் மிச்சம் கிடந்தது. ஆனால் ஒப்படைத்த கட்டடத்தில் கை வைக்க எழுத்தில் அனுமதி வேண்டும். அனுமதிக்குக் காரணம் வேண்டும்.

“என்ன காரணம் எழுதப் போறீர்?” என்று அடுத்த நாள் அலுவலகத்தில் மேலதிகாரி கேட்டார். அவரே வழியும் சொன்னார். “பள்ளிக்கூடம் கேட்டுது, பாவனையாளர் வேண்டுகோள் எண்டு போடும். ஒருத்தருக்கும் பிரச்சினை இல்ல.”

நல்ல யோசனைதான். அப்படியே எழுதினேன். கையெழுத்து வைக்கும்போதுதான் வந்தாறுமூலை ஞாபகம் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் வேண்டுகோள் என்றால் பிளானில் பிழை இல்லை. பிழை இல்லை என்றால் ஆறு இடத்திலும் அதே கழிப்பறை, அதே மைதானத்தின் நடுவில் எழும்பும். இன்னும் ஆறு வதனிகளுக்கு வயிற்றுக்குத்து வரும். கடிதத்தைக் கிழித்துவிட்டு, ‘வடிவமைப்பாளரின் தவறு’ என்று புதிதாக எழுதினேன். பதவியுயர்வுக்கான நேர்முகத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

மேலதிகாரி இரண்டு தரம் வாசித்தார். “என்ட சேவைக் காலத்தில இப்பிடி ஒரு கடிதம் மேசைக்கு வந்ததில்ல. இத ஃபைல்ல போடுறதா, பிறேம் போட்டு மாட்டுறதா?”

ஃபைலில்தான் போட்டார், என்னுடைய சொந்த ஃபைலில். அந்த வருசப் பதவியுயர்வு வேறொருவருக்குப் போனது. அவர் ஒரு தவறும் செய்யாதவர். குறைந்தபட்சம், செய்ததை எழுதாதவர்.

திருத்த வேலைக்கு அனுமதி வந்தது. ஆறு பள்ளிக்கூடத்துப் பிளானும், திருத்திக் கீறும்வரை நிறுத்தப்பட்டது.

4. பிறகு

சலீம் நானா பதினொரு நாளில் வேலையை முடித்தார். மறைப்புச் சுவரைக் கேட்டதைவிட ஒரு அடி உயர்த்திக் கட்டியிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் டீச்சர் மறுபடியும் போன் எடுத்தார்.

“சேர், இடைவேளைக்குப் பிறகும் ஒரு புள்ளையும் வீட்ட போறல்ல. வகுப்பில இரிக்கக் கதிரை போதாது.”

வதனி சோதினை எழுதினாள். உயர்தர வகுப்பில் கணிதம் எடுத்தாள் என்று பிறகு அறிந்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பிளானில் காற்றுக்கும் தண்ணீருக்கும் அம்புக்குறி போடுங்கள். பிறகு ஒரு பிள்ளை நடக்கும் வழிக்கும் ஒன்று போடுங்கள். அதை எங்கே போடுவது என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.

வந்தாறுமூலைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் செய்தோம். மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் முழுப் பிளானையும் கீறி, ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளை அதற்குள் நடக்கவிட்டோம். கழிப்பறையை அவர்கள் ஐந்து நிமிடத்தில் இடம் மாற்றினார்கள். அதோடு நிறுத்தவில்லை. ஒரு பிள்ளை பின்மூலையில் இருந்த கட்டத்துக்குள் நின்றுகொண்டு, இது என்ன என்று கேட்டாள்.

“அது அதிபர்ட அறை.”

“இத கேற்றுக்கு நேர வைங்க சேர். அவர எல்லாரும் பாத்தாலும் பரவாயில்ல.”

அந்தப் பள்ளிக்கூடத்து அதிபர் பக்கத்தில்தான் நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்தச் சுண்ணாம்புக் கோட்டைக் காட்டி, “இத அழிச்சிட்டு அங்க கீறுங்க சேர்,” என்றார்.