கயல் பக்கத்தை மறைத்த இரண்டு வரிகள்

நெடுஞ்செழியன் மாதிரி முன்யோசனைக்காரரை நான் பார்த்ததில்லை. பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மெண்டில் யாருடைய விசா எந்த மாதம் முடிகிறது என்பது விசாக்காரருக்கே மறந்துபோகும், அவருக்கு மறக்காது. பனி வாரும் மண்வெட்டியை ஆகஸ்டிலேயே வாங்கி வைப்பார். ஊர் கோபிச்செட்டிபாளையம், மருந்துக் கம்பெனி ஒன்றில் டேட்டாபேஸ் வேலை. சில நேரம் எரிச்சலாக வரும். ஆனாலும் அவரைக் கேட்காமல் நாங்கள் யாரும் ஒரு ஃபாரம்கூட நிரப்ப மாட்டோம்.

2007 ஜனவரியில் அவருடைய ஆறு வயது மகள் கயலுக்கு ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்தது. எலும்பு மஜ்ஜை மாற்றினால்தான் பிழைப்பாள், நாலு மாதத்துக்குள் பொருத்தமான ஆள் கிடைக்க வேண்டும் என்றார் டாக்டர். பொருத்தம் பெரும்பாலும் ஒரே இனத்து மக்களுக்குள்தான் அமையுமாம். தானம் தருகிறேன் என்று பதிந்துவைத்த இந்தியர்களோ மிகக் குறைவு. பதிவதற்குக் கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சியால் ஒரு தடவை தடவிக் கொடுத்தால் போதும். அதற்கே நம் ஆட்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள்!

நெடுஞ்செழியன் ஒரே நாளில் ஒரு வெப்சைட் போட்டார். கயலின் படம், தானம் தருகிறவர்களைப் பதியும் முகாம் நடக்கும் தேதி, எல்லாம் அதில் இருந்தன. தெரிந்தவர்களுக்கெல்லாம் ஈமெயில் அனுப்பினோம். முதல் முகாமுக்கு வந்தது பதினோரு பேர். மளிகைக்கடையில் பார்த்த ஒரு பெண்ணிடம் ஏன் வரவில்லை என்று சண்டைக்கே போய்விட்டேன்.

"மெயில் வந்துச்சுங்க. இந்த மாதிரி பொய் மெயில் எவ்ளோ சுத்துது! வைரஸா இருக்கும்னு லிங்க்கைத் தொடலை. கூகுள்ல குழந்தை பேரைப் போட்டுத் தேடினேன், ஒண்ணுமே வரலை. ஃபேக்னு டெலீட் பண்ணிட்டேன்" என்றாள்.

தேடினால் வராத வெப்சைட்டுகளை வரவைப்பதுதான் என் பிழைப்பு. பிப்ரவரி நடுவில் கயலின் சைட்டைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு பக்கத்துக்கும் தலைப்பு இல்லை. குழந்தையின் பெயர் எழுத்தாக இல்லாமல் படத்துக்குள் இருந்தது, படத்துக்குள் இருப்பதைத் தேடுபொறி படிக்காது. ஒரே பக்கம் இரண்டு முகவரிகளில் வேறு கிடந்தது. எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்துவிட்டு இரண்டு வாரம் காத்திருந்தேன். தேடலில் கயல் வரவே இல்லை.

முதலில் பார்க்க வேண்டியதை நான் கடைசியில்தான் பார்த்தேன். உள்ளே யார் வரலாம், யார் வரக்கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்வதற்காக சைட்டின் வாசலில் ஒரு சின்ன ஃபைல் இருக்கும். உயிருக்குப் போராடும் குழந்தையின் பக்கத்தை எவன் பூட்டி வைப்பான் என்று அதைத் திறக்காமலே விட்டிருந்தேன். மார்ச் முதல் ஞாயிறு காலை திறந்தேன். இரண்டே வரிகள். எந்தத் தேடுபொறியும் எந்தப் பக்கத்துக்கும் வராதே என்று இருந்தது.

நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். கயல் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"யாருங்க இதைப் போட்டது?"

நெடுஞ்செழியன் தலையைத் தூக்கவில்லை. "நான்தான்."

"உங்களுக்கென்ன பைத்தியமா?"

"பொம்பளப் புள்ளைங்க. நாளைக்கு மாப்பிள்ளை பாக்குறப்ப அவ பேரைத் தேடுவாங்க. கேன்சர்னு வந்தா யாருங்க கட்டிக்குவாங்க? கூகுள்ல ஏறினா அப்புறம் போகாது. மெயில்ல லிங்க் போனாலே போதும்னு நெனச்சேன். நீங்க ரிப்பேர் பண்றப்ப நீங்களே பார்த்து எடுத்துடுவீங்கன்னு இருந்தேன். சொல்ல வாய் வரலை."

அவர் மனைவி கண்மணி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும்.

"கல்யாணமா?" என்றாள். "அடுத்த தீபாவளிக்கு அவளுக்குப் பாவாடை எடுக்கலாமான்னு நெனைக்கவே பயமா இருக்குது எனக்கு. நீங்க மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கறீங்களா?"

எனக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. அவள் பிழைப்பாள் என்று அந்த வீட்டில் முழுதாக நம்பியவர் அவர் ஒருவர்தான். அவரே அந்த ஃபைலை அழித்தார்.

ஒன்பதாம் நாள் கயலின் பக்கம் தேடலில் முதலாவதாக வந்தது. அடுத்த முகாமுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பக்கத்தைப் பார்த்துவிட்டு டெக்சாஸில் பிளானோக்காரர்கள் தாங்களாகவே ஒரு முகாம் நடத்தினார்கள். அங்கே பஞ்சுக்குச்சி கொடுத்த ஒருவர் முழுசாகப் பொருந்தினார். மே இருபதாம் தேதி மஜ்ஜை மாற்றுவதாக முடிவானது.

மே ஒன்பதாம் தேதி நோய்த்தொற்றில் கயல் போய்விட்டாள்.

ஜூலையில் ஒருநாள் துணி துவைக்கும் அறையில் நெடுஞ்செழியன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணுங்க. ஜனவரியிலயே அந்த ஃபைல் இல்லாம இருந்திருந்தா?"

"புது சைட்டுங்க. கூகுள் லேசுல கண்டுக்காது. எப்படியும் மார்ச் ஆகியிருக்கும்" என்றேன்.

பொய். நான் சரிசெய்து கொடுத்ததுமே, பிப்ரவரியிலேயே வந்திருக்கும். பதினைந்து வருடமாகக் கம்ப்யூட்டரோடு கிடக்கும் மனிதர், அவருக்கா தெரியாது?

"சரிங்க" என்றார். மெஷினிலிருந்து துணியை எடுத்து ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தார்.